தூண்டில் கற்பிக்கும் அடக்கம்



மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசுவதற்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்தாம் கிடைத்தாரா என்று உங்களுள் சிலர் வியக்கலாம். பள்ளிக்கு வராமல் ஏரிக்கரைக்குச் சென்ற பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் கண்டித்தவர்களுள் நானும் ஒருவன். ஆனால் ஓர் உண்மையை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே ஏரிக்கரையில், அதே பிள்ளைகளுக்குப் பக்கத்தில், நானும் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தேன். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகத் தூண்டிலுக்கும் எனக்கும் உறவு உண்டு. அந்த உறவில் நான் கற்றவற்றுள் சிலவற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தொடக்கத்திலேயே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். கடலிலும் ஏரியிலும் வலை வீசிப் பிழைப்பவர்களின் உழைப்பு வேறு. பொழுதுபோக்காகத் தூண்டில் எறிபவனின் நிலை வேறு. வலைஞர் வீட்டில் மீன் இல்லையென்றால் அன்று அடுப்பு எரியாது. எனக்கோ மீன் கிடைக்காவிட்டால் கத்தரிக்காய்க் குழம்பு காத்திருக்கிறது. தேவையின்றி ஓர் உயிரோடு விளையாடப் புகுந்தவனுக்கு, பிடிக்கும் திறமையைக் காட்டிலும் எப்போது பிடிக்கக் கூடாது என்னும் அறிவு மிகுதியாக வேண்டும். இன்றைய பேச்சின் சாரம் இதுவே.

திருவள்ளுவர் சூதைப் பற்றிய அதிகாரத்தில், சூதாடி பெறும் வெற்றியைத் தூண்டில் இரும்பை விழுங்கிய மீனுக்குக் கிடைத்த இரைக்கு ஒப்பிட்டிருக்கிறார். அவர் மீனின் பக்கம் நின்று அந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். தூண்டில் பிடிக்கும் நாமும் சிறிது நேரம் அந்தப் பக்கம் சென்று நின்று பார்க்கலாம்.

முதலில் கருவியைக் காண்போம். தூண்டிலுக்கு உறுப்புகள் ஐந்து: கழி, நரம்பு, தக்கை, ஈயம், முள். கழி மூங்கிலாக இருக்கலாம். கண்ணாடி இழையாலும் கரி இழையாலும் செய்தவை இப்போது கடைகளில் கிடைக்கின்றன. நரம்பைச் சுற்றி வைத்துக்கொள்ள ரீல் பொருத்தியவையும் உண்டு. எதுவாயினும் கழி வளைய வேண்டும். மீன் வெட்டி இழுக்கும் இழுப்பு ஒரே நொடியில் நரம்பின்மேல் விழுந்தால் நரம்பு அறுந்துவிடும். கழி வளைந்து கொடுப்பதால் அந்த இழுப்புச் சற்று நேரத்துக்குப் பரவுகிறது. இயற்பியல் வகுப்பில் கணத்தாக்கு என்று படித்தீர்களே, அதனை ஏரிக்கரையில் கையாலேயே உணரலாம்.

நரம்பு என்பது இக்காலத்தில் நைலான் இழை. நைலான் 1938இல் அமெரிக்காவில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பருத்தி, பட்டு நூல்களின் இடத்தை அது விரைவில் பிடித்துக்கொண்டது. நம் கடற்கரை மக்கள் இதனைத் தங்கூசி என்பார்கள். இதில் முடிச்சுப் போடும்போது உமிழ்நீராலோ ஏரிநீராலோ நனைத்துக்கொண்டு இறுக்க வேண்டும். உலர்ந்த நிலையில் இறுக்கினால் உராய்வின் வெப்பத்தால் இழை வலுவிழக்கும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பருத்தி நூல் மக்கும். தங்கூசி எளிதில் மக்காது. கரையில் எறிந்த ஒரு முழம் இழை, கொக்கின் காலைச் சுற்றி அதனைப் பட்டினியால் கொல்ல வல்லது. அறுந்த துண்டைச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவது தூண்டிற்காரனின் முதல் ஒழுக்கம்.

இனி முள். வளைந்த இரும்புக் கம்பியின் கூர்முனைக்குச் சற்றுக் கீழே, பின்னோக்கி நிற்கும் சிறு முள் ஒன்று இருக்கும். குத்திய மீன் கழன்றுவிடாமல் இருப்பதற்காக வைத்தது அது. அந்தச் சிறு முள்ளைக் குறடால் நசுக்கிவிடுவது இப்போது பலரின் வழக்கமாகியிருக்கிறது. நரம்பைத் தளரவிடாமல் வைத்திருக்கத் தெரிந்தவனுக்கு அது தேவையில்லை. மீனின் வாயைக் கிழிக்காமல் முள்ளை எடுத்துவிடலாம்.

கருவியைவிட முக்கியமானது மீனின் புலன்களைப் பற்றிய அறிவு. ஒளி நீரிலிருந்து காற்றுக்கு வரும்போது விலகுகிறது என்று படித்திருப்பீர்கள். அதனால் நாம் காணும் மீன் உண்மையில் இருக்கும் இடத்தைக் காட்டிலும் மேலே இருப்பதுபோல் தோன்றுகிறது. மீனுக்கோ மேலுலகம் முழுவதும், ஏறத்தாழ 97 பாகை கொண்ட ஒரு வட்டச் சாளரத்துக்குள் அடங்கித் தெரிகிறது. கரையில் நிமிர்ந்து நிற்பவன் அந்தச் சாளரத்தின் விளிம்பில் தெரிந்துவிடுவான். தாழ்ந்து உட்கார்பவன் மறைந்திருப்பான். அன்றியும், மீனின் செவுளருகில் தொடங்கி வால்வரை செல்லும் பக்கக்கோடு நீரின் மிகச் சிறிய அசைவையும் உணரும். கரையில் காலைத் தட்டி நடந்தால் அந்த அதிர்வு மீனை எட்டுகிறது. தூண்டிற்காரர்கள் மெல்ல நடப்பதும் தாழ உட்கார்வதும் பெரியவர்கள் சொன்ன வெறும் சம்பிரதாயமல்ல.

இவ்வளவும் அறிந்தவன் நல்ல மீன்பிடிகாரன் ஆகலாம். அதற்கு மேல் அறிய வேண்டியது ஒன்று உண்டு என்பதை எனக்குக் கற்பித்தது ஒரு விரால்.

அது 1986ஆம் ஆண்டு. செங்கற்பட்டுப் பகுதியில் ஒரு சிற்றூரில் நான் இளம் ஆசிரியனாக இருந்தேன். மாட்டுவண்டி ஓட்டிய முதியவர் ஒருவர் எனக்குத் தூண்டில் கற்றுக்கொடுத்தார். விரால் செவுளால் மட்டுமன்றிக் காற்றையும் நேரே உட்கொண்டு மூச்சுவிடும் மீன். ஆகவே அது அவ்வப்போது நீர்ப்பரப்புக்கு வந்தே தீர வேண்டும். வந்து முகரும் இடத்தைப் பார்த்து, முள்ளில் சிறு தவளையைக் கோத்து, நீரின்மேல் துள்ளுவதுபோல் இழுத்து வந்தால் விரால் பாய்ந்து கவ்வும். இதை அவர் எனக்குப் பல நாள் காட்டியிருந்தார்.

மழை நின்ற ஒரு காலையில் நான் தனியே சென்றேன். ஏரியில் கோரை வளர்ந்த ஓரத்தில், செம்மண்ணைக் கரைத்துவிட்டதுபோல் ஒரு சிவப்புத் திட்டு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அதனருகே தவளையை எறிந்தேன். விழுந்த மறுகணமே நீர் வெடித்தது. காத்திருக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை. இரண்டு கிலோவுக்குக் குறையாத விரால் கரைக்கு வந்தது. அதனைத் தூக்கிக்கொண்டு ஊர்த் தெருவில் நடந்தபோது எனக்கிருந்த பெருமை, முதல் மாதச் சம்பளம் வாங்கிய அன்றும் இருந்ததில்லை.

முதியவர் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மீனைப் பார்த்தார். "எங்கே கிடைத்தது?" என்றார். சொன்னேன். சிவப்புத் திட்டைப் பற்றியும் சொன்னேன். அவர் முகம் வாடிற்று.

"வாத்தியாரய்யா, அது பசிக்கு வரவில்லை, பிள்ளைகளுக்காக வந்தது" என்றார்.

அந்தச் சிவப்புத் திட்டு விரால் பார்ப்புகளின் கூட்டம். முட்டையிலிருந்து வெளிவந்த விரால் குஞ்சுகள் சில வாரங்கள் வரை செந்நிறமாக, ஒன்றாகத் திரண்டு, மேலே வந்து மூச்செடுத்தபடி திரியும். பெற்ற மீன்கள் அவற்றின் கீழே காவல் இருக்கும். காவலில் பெரும்பங்கு ஆண் மீனுடையது. குஞ்சுகளின் அருகே விழும் தவளையாயினும் குச்சியாயினும் அது பாய்ந்து தாக்கும். அதனால்தான் எனக்கு அந்த மீன் அவ்வளவு எளிதாகக் கிடைத்தது. என் திறமை என்று நான் எண்ணியது, ஒரு தந்தையின் காவலை முறித்ததேயன்றி வேறில்லை.

அன்றிரவு வீட்டில் அந்த மீனைக் குழம்பு வைத்தார்கள்; நானும் உண்டேன். மறுநாள் காலை ஏரிக்குச் சென்று பார்த்தேன். திட்டு இரண்டாகப் பிரிந்து, ஒழுங்கின்றி அலைந்துகொண்டிருந்தது. நீர்க்காகங்கள் இரண்டு அதன் அருகே மூழ்கி எழுந்தன. மூன்றாம் நாள் அங்கே எதுவும் இல்லை. சில நூறு குஞ்சுகள் இருந்திருக்கும். ஒரு வேளைக் குழம்புக்கு நான் கொடுத்த விலை அது. அந்த விலையை நான் கொடுக்கவில்லை, ஏரிதான் கொடுத்தது என்பதே உண்மை.

அன்று முதல் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளத் தொடங்கினேன். நாள், இடம், நீரின் நிலை, பிடித்த மீனின் பெயர், நீளம், வைத்துக்கொண்டதா விட்டதா என்று எழுதுவேன். என்னோடு தூண்டில் போட வரும் நண்பர்களும் நாளடைவில் எழுதத் தொடங்கினார்கள். தூண்டிற்காரர்கள் தாம் பிடித்த மீனின் அளவைப் பற்றி மிகைபடப் பேசுவார்கள் என்று உலகம் சொல்லும். கைகளை விரித்துக் காட்டும்போது மீன் வளர்வது உண்மைதான். அளவுகோலை வைத்து ஏட்டில் எழுதும்போது அது வளர்வதில்லை.

இனிக் கடல் பக்கம் செல்வோம். நன்னீர் மீனைக் கடலில் விட்டாலோ, கடல் மீனை ஏரியில் விட்டாலோ பெரும்பாலும் அது உயிர் வாழாது. காரணம் உப்பு. ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. மீனின் குருதியில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே உண்டு. கடலில் வாழும் மீனின் உடலிலிருந்து நீர் இடைவிடாமல் வெளியே கசிந்துகொண்டிருக்கும். அதனால் அது கடல்நீரைக் குடித்து, மிகுதி உப்பைச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. நன்னீர் மீனுக்கு நேர்மாறான துன்பம். சுற்றிலுமுள்ள நீர் அதன் உடலுக்குள் புகுந்துகொண்டேயிருக்கும். அதனால் அது நீரைக் குடிப்பதில்லை. நீர்த்த சிறுநீராக நீரை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டு, உப்பைச் செவுளால் ஈர்த்துக்கொள்கிறது.

இந்த இரு உலகங்களிலும் வாழ வல்ல மீன்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்று கொடுவா. கொடுவா கடலோரத்திலும் முகத்துவாரத்திலும் முட்டையிடுகிறது. குஞ்சுகள் உப்பங்கழிகளுக்கும், வழி கிடைத்தால் நன்னீருக்கும் ஏறிச் சென்று வளர்கின்றன. வளர்ந்தவை இனப்பெருக்கத்துக்காக மீண்டும் உப்புநீருக்கு இறங்குகின்றன. முகத்துவாரம் மணலால் அடைபட்டு நெடுநாள் கிடந்தால் இந்தப் பயணம் தடைபடும். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் கோடையில் மணல்திட்டு முகத்துவாரத்தை மூடுவதையும், வடகிழக்குப் பருவமழையில் அது உடைந்து திறப்பதையும் காணலாம்.

உப்பங்கழியில் தூண்டில் போடுபவன் நிலவின் கணக்கை அறிந்திருக்க வேண்டும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் கடலின் ஏற்றமும் வற்றமும் மிகுதி. ஏற்றம் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் பின்தள்ளி வரும். நீர் அசையாமல் நிற்கும்போது மீன் இரை தேடுவது குறைவு. ஏறவோ வற்றவோ தொடங்கும்போது, சிறு மீன்களை நீரோட்டம் அடித்துச் செல்லும் வாய்க்கால் ஓரங்களில் கொடுவா பதுங்கி நிற்கும்.

2009இல் ஒரு மாலைப் பொழுது. அஞ்சல் துறையில் பணியாற்றிய நண்பர் ஒருவரும் நானும் அத்தகைய ஓர் உப்பங்கழிக் கரையில் இருந்தோம். வயதில் மூத்தவராதலால் அவரை அண்ணே என்று அழைப்பேன். அவர் தூண்டிலில் பெரிய கொடுவா ஒன்று பட்டது. அரைமணி நேரம் நீரைவிட்டுத் துள்ளித் துள்ளி விழுந்து போராடிற்று. கரையோரம் வந்ததும், கழியில் அவர் குறித்து வைத்திருந்த கோடுகளோடு ஒட்டி அளந்தார். ஒரு மீட்டருக்கு மேல் இருந்தது. முள்ளைக் கழற்றி, நீரிலேயே பிடித்து நிறுத்தி, அது வாலை வீசிச் செல்லும்வரை காத்திருந்து விட்டுவிட்டார். கரையில் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் வருத்தந்தான்.

"என்ன அண்ணே, இப்படிச் செய்துவிட்டீர்கள்?" என்றேன்.

"தம்பி, இவ்வளவு நீளம் இருந்தால் அது பெட்டைதான். கடலுக்குப் போனால் முட்டையிடும். நேற்றுக் கொண்டுபோனதே வீட்டில் இன்னும் மீதி இருக்கிறது" என்றார்.

அவர் சொன்னது உயிரியல் உண்மை. கொடுவா முதலில் ஆணாகவே முதிர்ச்சி அடைகிறது. சில ஆண்டுகள் ஆணாக வாழ்ந்தபின் பெண்ணாக மாறுகிறது. ஆகவே ஓர் உப்பங்கழியிலுள்ள மிகப் பெரிய கொடுவாக்கள் ஏறக்குறைய அனைத்தும் பெண்களே. பெரிய மீனைப் பிடிப்பதே பெருமை என்று எல்லாரும் பெரியவற்றையே எடுத்துவிட்டால், அந்த நீரில் ஆண்கள் மட்டுமே மிஞ்சும். சிறியவற்றையே எடுப்பதும் தவறு. அவை ஒருமுறையேனும் இனம் பெருக்கும் வாய்ப்பைப் பெற வேண்டும். நம் கொடுவாவே ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி என்று பெயர் பெற்றிருக்கிறது. அங்கே குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும் 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பொது விதி செய்திருக்கிறார்கள். சிறியதற்கும் காப்பு, தாய்க்கும் காப்பு, நடுவிலுள்ளதே மனிதனுக்கு. அஞ்சலக நண்பர் அந்த விதியைப் படித்தவரல்லர். உப்பங்கழியைப் பார்த்தே அதன் நியாயத்தை அறிந்திருந்தார்.

ஒரு மீனின் பருவத்தை அறியாமையால் நான் செய்த பிழையைச் சொன்னேன். ஓர் இனத்தையே அறியாதிருந்தால் என்ன நேரும் என்பதற்குக் காவிரி சான்றாக இருக்கிறது.

காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் மசீர் என்னும் பெருமீன் வாழ்கிறது. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது; உள்ளங்கை அகலச் செதில்கள் உடையது; பாறைகளுக்கிடையே பாயும் வேகநீரில் வாழ்வது. சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர் 1873இல் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதன் பின்னர் மசீரைத் தேடி வெளிநாட்டார் பலர் தென்னாட்டு ஆறுகளுக்கு வந்தனர். 1946இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் கபினி ஆற்றில் பிடித்த மசீர் 120 ராத்தல், அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடை இருந்தது. பின்னாளில், 1970களுக்குப் பிறகு, கருநாடகத்தில் பீமேசுவரி முதலிய காவிரிக் கரை ஊர்களில் தூண்டில் முகாம்கள் அமைந்தன. பிடித்த மீனை அளந்து, எடையிட்டு, உயிரோடு ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது அம்முகாம்களில் நிலைத்த முறை. கேழ்வரகு மாவைக் களியாக வேகவைத்து உருட்டியதே அங்கே பெயர்பெற்ற இரை.

காவிரியின் தொன்மையான மசீருக்கு முதுகில் திமில் போன்ற மேடு உண்டு. துடுப்புகள் செம்மஞ்சள் நிறமாக இருக்கும். ஆற்றில் மசீர் குறைகிறது என்று கவலைப்பட்டவர்கள், மகாராஷ்டிரத்தில் லோனாவாலாவிலிருந்த பண்ணையொன்றில் வளர்த்த நீலத்துடுப்பு மசீர்க் குஞ்சுகளைக் கொண்டுவந்து காவிரியில் விட்டார்கள். நல்லெண்ணத்தோடு செய்த செயல் அது. மசீர் மசீர்தானே என்று எண்ணினார்கள். வந்த மீன் வேறு இனம் என்பதன் விளைவை அப்போது யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

முகாம்களுள் ஒன்றில் வழிகாட்டிகள் நாள்தோறும் குறிப்பேடு எழுதி வந்தனர். எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், எந்த மீன் பட்டது, எடை என்ன என்பதே அதில் இருந்தது. 1998 முதல் 2012 வரை எழுதிய அந்த ஏடுகளில் 6,000க்கு மேற்பட்ட மசீர்களின் விவரம் இருந்தது. அவற்றை ஆய்வாளர்கள் எடுத்து ஆராய்ந்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். நீலத்துடுப்பு மசீரின் எண்ணிக்கை ஆண்டுதோறும் ஏறியிருந்தது. திமில் மசீரின் எண்ணிக்கை சரிந்திருந்தது. அன்றியும், பட்டவை பெரிய முதிய மீன்களாகவே இருந்தன. இளம் மீன்கள் வரவில்லை. ஓர் ஊரில் முதியவர்கள் மட்டும் இருந்து, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளே இல்லாமற்போனால் ஒரு தலைமையாசிரியனுக்கு என்ன புரியுமோ, அதுவே அந்த ஏட்டிலிருந்து புரிந்தது.

ஒன்றரை நூற்றாண்டாகத் தூண்டிற்காரர்கள் புகழ்ந்த திமில் மசீர் இன்ன இனம் என்று அறிவியல் முறையில் உறுதியானது 2018இல்தான். கேரளத்தில் காவிரியின் துணையாறான அமராவதிக்கு நீர் தரும் பாம்பாற்றிலிருந்து 2007இல் பெயரிடப்பட்ட டோர் ரேமாதேவி என்னும் இனமே அது என்று நிறுவினார்கள். அதற்கு உதவிய மீன்கள் நம் மோயாற்றில் கிடைத்தவை. பெயர் உறுதியான அதே 2018இல், அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களின் பட்டியலிலும் அது சேர்ந்தது. பெயர் தெரிந்த ஆண்டும், போய்விடுமோ என்று அஞ்சும் ஆண்டும் ஒன்றாக அமைந்துவிட்டன. இதற்குக் காரணம் ஒன்றன்று. அணைகள் ஆற்றின் ஓட்டத்தை மாற்றின, வெடி வைத்து மீன் பிடித்தார்கள், மணல் அள்ளினார்கள், கழிவு கலந்தது, அயல் இனமும் வந்து சேர்ந்தது. வெடி வைப்பதையும் நஞ்சு கலப்பதையும் 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடை செய்திருக்கிறது என்பதை இங்கே நினைவுகூர்வது நன்று.

காட்டுயிர்ச் சட்டத்தை ஒட்டி, காவிரிச் சரணாலயப் பகுதியில் தூண்டில் போடுவது 2012இல் நின்றது. நின்றது சரியா, தவறா என்று இருசாராரும் வாதிடுகிறார்கள். நான் அந்த வழக்குக்குள் புக விரும்பவில்லை. பொழுதுபோக்குக்கு வந்தவர்கள் உண்மையாக எழுதிவைத்த ஏடு இல்லாதிருந்தால், ஓர் இனத்தின் சரிவு யாருக்கும் தெரியாமலே போயிருக்கக்கூடும் என்பதை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பவனால் ஆற்றுக்கு ஆகக்கூடிய உதவி அது.

மீனை உயிரோடு விடுவதற்கும் முறை உண்டு. மீனின் உடலை மூடியுள்ள வழுவழுப்புப் படலம் நோய்க் கிருமிகளைத் தடுக்கும் கவசம். உலர்ந்த கையாலோ துணியாலோ பிடித்தால் அது உரிந்துவிடும். கையை நனைத்துக்கொண்டே தொட வேண்டும். சுடுமணலிலும் பாறையிலும் கிடத்தக் கூடாது. நெடுநேரம் போராடிய மீனின் தசையில், ஓடிக் களைத்த உங்கள் காலில் சேர்வதைப் போலவே, லாக்டிக் அமிலம் சேர்ந்திருக்கும். அதற்கு உடனே தேவைப்படுவது உயிர்வளி. 20 பாகை வெப்பமுள்ள நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறையும். கோடை நண்பகலில் களைக்கக் களைக்கப் போராடவைத்து, கைப்பேசியில் படம் எடுக்கும்வரை காற்றில் தூக்கிப் பிடித்து, பிறகு நீரில் எறிந்துவிட்டு, விட்டுவிட்டேன் என்று பெருமை கொள்வதில் பொருளில்லை. அந்த மீன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சென்று இறக்கும். ஓட்டத்தை நோக்கித் தலையை வைத்து, நீருக்குள்ளேயே தாங்கிப் பிடித்து, தானாக நீந்தும்போது கையை எடுப்பதே விடும் முறை.

இங்கே ஒரு கேள்விக்கு விடை சொல்லாமல் நான் போக முடியாது. நான் பணியிலிருந்து ஓய்வுபெறும் ஆண்டில், மேல்நிலை வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம், "ஐயா, முள் குத்தும்போது மீனுக்கு வலிக்காதா?" என்று கேட்டாள். மீனுக்கு வலி தெரியாது என்று நான் இளமையில் கேட்டிருந்த விடையையே அவளுக்கும் சொல்லி அனுப்பினேன். அவள் முகத்தில் நம்பிக்கை தோன்றவில்லை. அது என்னை உறுத்தவே, பின்னர் தேடிப் படித்தேன். 2003இல் பிரிட்டனில் ட்ரௌட் என்னும் மீனை வைத்து நடந்த ஆய்வு, அதன் தலையிலும் முகத்திலும் ஊறு உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டியது. உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் நெடுநேரம் இரை தின்னவில்லை. உதட்டைச் சரளைக் கற்களில் தேய்த்துக்கொண்டன. அது நாம் உணரும் வலியைப் போன்றதுதானா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும், வலியே இல்லை என்ற உறுதியின்மேல் இனி நம் பொழுதுபோக்கைக் கட்ட இயலாது. மாணவி கேட்டது சரி. நான் சொன்ன விடை தவறு. அவள் பள்ளியை விட்டுச் சென்றுவிட்டமையால் அவளிடம் அதைச் சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. இந்த உரையை அவள் கேட்டால் மகிழ்வேன்.

அதன் பின்னர் என் வழக்கத்தைச் சிறிது மாற்றிக்கொண்டேன். எண்ணிக்கைக்காக நாள் முழுதும் பிடித்துப் பிடித்து விடுவதை நிறுத்தினேன். வீட்டுக்கு வேண்டிய ஒன்றோ இரண்டோ கிடைத்தால் கழியை மடக்கிவிடுவேன். தூண்டிலே வேண்டாம் என்று உங்களுள் ஒருவர் முடிவு செய்தால் அதனையும் மதிக்கிறேன்; கரையில் உட்கார்ந்து பார்ப்பதற்குத் தூண்டில் கட்டாயமில்லை.

தூண்டில் எடுக்கத் துணிந்தவர்களுக்கு மட்டும் சில சொற்கள். ஊர் ஏரிகளில் மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடமோ உரிய அலுவலரிடமோ கேட்காமல் தூண்டில் போடாதீர்கள். அது பிறர் வயலில் கதிர் அறுப்பதைப் போன்றது. தனியே செல்லாதீர்கள், ஏரியின் சேறும், மதகின் சுழலும், முகத்துவாரத்தின் இழுப்பும் நீந்தத் தெரிந்தவனையும் விடுவதில்லை. புதுவெள்ளத்தில் கலங்கலை எதிர்த்து ஏறும் மீன்களைப் பிடிக்காதீர்கள். அவை முட்டையிடச் செல்பவை. பெயர் தெரியாத மீனை வைத்துக்கொள்ளாதீர்கள். கடலில் வேளா என்னும் வாள்மூக்கு மீன், கடற்குதிரை போன்றவை சட்டத்தின் காப்பில் இருக்கின்றன. அறியாமல் செய்தேன் என்பது அங்கே விடையாகாது. ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். எதுவும் கிடைக்காத நாளையும் அதில் எழுதுங்கள். கிடைக்காத நாள்களும் நீரைப் பற்றிய செய்திகளே.

சென்ற மழைக்காலத்தில், முன்பு சொன்ன அதே ஏரிக்கு ஒருநாள் சென்றிருந்தேன். முதியவர் மறைந்து பல ஆண்டுகள் ஆயின. கோரை ஓரத்தில் செம்மண் கரைந்ததுபோல் ஒரு திட்டு நகர்ந்தது. பக்கத்தில் ஒரு சிறுவன் கழியோடு நின்றான். அவன் கையில் தவளை இருந்தது. அவனைக் கண்டிக்காமல் அருகில் அழைத்து உட்காரவைத்தேன். இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். சிறிது நேரத்தில் திட்டின் நடுவே ஒரு கருந்தலை எழுந்து, மூச்சை முகந்துகொண்டு, மீண்டும் குஞ்சுகளின் அடியில் மறைந்தது.

"தாத்தா, அது என்ன செய்கிறது?" என்றான்.

முதியவர் எனக்குச் சொன்னதை அவனுக்குச் சொன்னேன். அவன் சிறிது யோசித்தான். பிறகு தவளையைக் கோரைக்குள் விட்டுவிட்டு, ஏரியின் மறுகரையை நோக்கி நடந்தான். அன்றைய குறிப்பேட்டில் மீன் இல்லை. அந்தச் சிறுவனைப் பற்றி ஒரு வரி இருக்கிறது.